மாமாவின் சனிக்கிழமை வாசம்: வீட்டிலேயே ஒரு ராக் பெர்ஃப்யூம்

ராக் இசையின் பெயரில் வரும் பெர்ஃப்யூம்களில் தோல் ஜாக்கெட்டும் புகையும்தான் தூக்கலாக இருக்கும். எனக்கு ராக் என்றால் தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த்தில் எங்கள் மாமாவின் அறை. சிற்றலையில் எல்.எம். ரேடியோ கரகரக்கும். மொசாம்பிக்கின் அன்றைய லொரென்சோ மார்க்கஸ், இன்றைய மாபுட்டோவிலிருந்து வந்த அந்த ஒலிபரப்பு 1975-இல் நின்றுபோனது. அதைக் கேட்டபடியே சனிக்கிழமை சாயங்காலம் மாமா சவரம் செய்வார். சோப்பு நுரை, லேவண்டர், இஸ்திரி போட்ட சட்டை, மூலையில் சாய்ந்திருக்கும் கிட்டாரின் மரவாசம். இன்று பாட்டிலில் அடைக்கப்போவது அதைத்தான்.

இந்தச் சவரக்கடை வாசனைக் குடும்பத்துக்குப் பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர் ஃபூஷேர், அதாவது பெரணிச் செடி. 1882-இல் ஊபிகான் நிறுவனம் தொடங்கி வைத்தது. பெரணிக்குச் சொல்லும்படி வாசமே கிடையாது என்பது வேறு விஷயம்.

வாங்க வேண்டியவை

30 மி.லி. பெர்ஃப்யூமுக்கு 27 மி.லி. பெர்ஃப்யூம் ஆல்கஹால், 60 சொட்டு வாசனை எண்ணெய் (ஏறக்குறைய 3 மி.லி.):

பெர்கமோட் 18, லேவண்டர் 14, ரோஸ்மேரி 8, சிடார்வுட் 8, ஜெரேனியம் 7, வெட்டிவேர் 4, புக்கு 1.

மெதிலேட்டட் ஸ்பிரிட் வேண்டவே வேண்டாம். அது அடுப்புக்கு, தோலுக்கு அல்ல. பெர்கமோட் பாட்டிலில் எஃப்.சி.எஃப். (வெயிலில் தோலைச் சுடவைக்கும் சேர்மம் நீக்கியது) என்று போட்டிருக்கிறதா பாருங்கள். சாதா பெர்கமோட்டைப் பூசிக்கொண்டு டர்பன் வெயிலில் நடந்தால் தோல் வெந்து கறுத்துவிடும். ஜெரேனியம் நம் கேப் மண்ணின் செடி, 17-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது. வெட்டிவேரோ பாரிஸ் வாசனைக்காரர்கள் வாயிலும் நம் தமிழ்ப் பெயரோடுதான் இருக்கிறது.

புக்கு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சீடர்பெர்க் மலைப் புதர். ஒரு சொட்டில் புதினாவும் பிளாக்கரண்ட் பழமும் கலந்த பச்சை வாசம் தரும். முதல் தடவை நான் ஆசைப்பட்டு ஆறு சொட்டு விட்டேன். வீட்டுக்காரி அறைக்குள் எட்டிப் பார்த்து, "பூனை ஏதும் உள்ளே வந்துச்சா?" என்றாள். அதிலுள்ள கந்தகச் சேர்மம் அளவு மீறினால் அப்படித்தான் நாறும். மொத்தத்தையும் கொட்டினேன். கர்ப்பிணிகள் புக்குவைத் தவிர்த்துவிடுங்கள்.

செய்முறை

1. விளக்கு, சாம்பிராணி எல்லாம் அணைத்துவிட்டு உட்காருங்கள். ஆல்கஹால் சட்டென்று பற்றிக்கொள்ளும்.

2. நிறக் கண்ணாடிப் பாட்டிலில் முதலில் வெட்டிவேர், சிடார்வுட். வெட்டிவேர் எண்ணெய் தேன்போலக் கெட்டி. பாட்டிலை உள்ளங்கையில் ஐந்து நிமிடம் பொத்தி வைத்தால் இறங்கிவரும். சொட்டை எண்ணும்போது யாரோடும் பேசாதீர்கள்.

3. அடுத்து ஜெரேனியம், லேவண்டர், ரோஸ்மேரி. கடைசியில் புக்கு, பெர்கமோட். ஒவ்வொன்றுக்குப் பிறகும் காகிதத் துண்டை நனைத்து முகர்ந்து பாருங்கள். லேவண்டர் சேர்ந்த நொடியில் சவர சோப்பு எழுந்து வரும். எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது.

4. மூடி இரண்டு நாள் வைத்து, பிறகு ஆல்கஹால் ஊற்றிக் குலுக்குங்கள். தண்ணீர் சேர்க்க வேண்டாம், கலங்கிப்போகும்.

5. இருட்டான அலமாரியில் மூன்று வாரம். அவசரப்பட்டுத் திறந்தால் ஸ்பிரிட் வாடைதான் மூக்கில் ஏறும். அடியில் ஏதாவது தங்கியிருந்தால் காபி வடிகட்டும் தாளில் வடித்துக்கொள்ளுங்கள்.

6. முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவி ஒரு நாள் பாருங்கள். அரித்தாலோ சிவந்தாலோ துணியில் மட்டும் தெளியுங்கள்.

பாட்டிலில் தேதியும் சொட்டுக் கணக்கும் எழுதி ஒட்டுங்கள். என்னுடையதை மாமாவின் மணிக்கட்டில் தெளித்தேன். கொஞ்ச நேரம் முகர்ந்துவிட்டு, "சோப்பு கம்மிடா" என்றார். அடுத்த பாட்டிலில் லேவண்டர் 16, ரோஸ்மேரி 6.