மனிதத் தோற்றம்: மதுரையில் நாம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

‘உலகின் முதல் மனிதன் மதுரைப் பக்கத்துக்காரன்’ என்று நம் ஊர் மேடைகளில் பேசுவது வழக்கமாகிவிட்டது. இதற்குப் பின்னால் உள்ள ஆய்வு மெய்யானது. அதிலிருந்து நாம் எடுத்துக்கொண்ட முடிவுதான் பிழையானது. மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பனும் அமெரிக்க மரபியலாளர் ஸ்பென்சர் வெல்சும் இங்குள்ள மக்களின் இரத்த மாதிரிகளில் கண்டது எம்130 என்னும் மரபுக் குறி, அதாவது தலைமுறை தலைமுறையாகத் தொடரும் ஒரு டிஎன்ஏ மாற்றம். ஆப்பிரிக்காவை விட்டுப் புறப்பட்டுக் கடலோரமாக ஆஸ்திரேலியா வரை சென்றவர்களின் வழித்தடத்தை, சுமார் 50,000 ஆண்டுகளுக்கு முந்தையதை, அது காட்டுகிறது. வந்தவர்களின் அடையாளமே அது. இங்கு மனிதன் முதலில் தோன்றினான் என்பதற்குச் சான்றன்று. ஆஸ்திரேலியப் பழங்குடியினரிடமும் மங்கோலியரிடமும் அக்குறி உண்டு.

அதை ஒரு சாதியின் பெருமையாக்குவது இன்னும் பெரிய தவறு. எம்130 இருப்பது ஆண்களிடம் மட்டுமே உள்ள ஒய் குரோமோசோமில். அது தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே செல்லும். ஒருவருக்குப் பாட்டன் பாட்டியர் நால்வர், பூட்டன் பூட்டியர் எண்மர் என்று எண்ணிக்கொண்டே போனால் பத்தாம் தலைமுறையில் 1,024 இடங்கள் வரும். அவற்றுள் ஒரேயொரு இடத்தின் கதையைத்தான் இந்தக் குறி சொல்லும். மற்ற 1,023 பேரை, அவர்களுள் எல்லாப் பெண்களையும், மறந்துவிட்டுக் குலப்பெருமை பேசுவது எனக்கு வருத்தம் தருகிறது.

காலத்தைக் குழப்புவது அடுத்த தவறு. கீழடி அருங்காட்சியகத்தில் ‘ஆதன்’ என்று தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் கீறிய பானை ஓட்டின் முன் நின்றுகொண்டு ஒரு தந்தை தம் மகளிடம், “இது அம்பதாயிரம் வருஷத்துக்கு முந்தி நம்ம ஆளுங்க செஞ்சதும்மா” என்றார். கீழடியின் கரிமக் காலக்கணிப்பு பொது ஆண்டுக்கு முன் ஆறாம் நூற்றாண்டு வரைதான், அதாவது சுமார் 2,600 ஆண்டுகள், செல்கிறது. எழுத்தறிந்த நகர வாழ்வுக்கு அது போதிய பழமை. மனித இனத்தின் தோற்றத்தோடு அதற்குத் தொடர்பில்லை.

குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்பதும் சரியன்று. சிம்பன்சிக்கும் நமக்கும் பொதுவான ஒரு மூதாதை சுமார் 60 முதல் 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது. அதிலிருந்து இரு கிளைகள் பிரிந்தன.

கற்கருவி கிடைத்த இடமெல்லாம் நம் முன்னோர் இடம் என்று கொள்வதும் கூடாது. சென்னைக்கு அருகே அதிரம்பாக்கத்தில் கிடைத்த கைக்கோடரிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுப் பழமையானவை. நம் இனத்தின் மிகப் பழைய எலும்புகளோ, மொராக்கோவின் ஜெபல் இர்ஹூதில் கிடைத்தவை, சுமார் 3 லட்சம் ஆண்டுகளுக்கே உரியவை. அந்தக் கோடரிகளைச் செதுக்கிய கைகள் நமக்கு முந்திய வேறொரு மனித இனத்தின் கைகள்.