45 பாகைக் கோடு 25.7 என்று காட்டினால்

ஃபேக்ஸில் வந்த வரைபடத்தின் டிஃப் (TIFF) படக்கோப்பு அது. 45 பாகை என்று குறித்திருந்த சாய்கோட்டுக்கு, படம் திருத்தும் மென்பொருளான கிம்ப்பின் அளவிடும் கருவி 25.7 காட்டியது. பெரிதாக்கி முனைகளைத் திருத்தினேன், ஷிஃப்டை அழுத்தி அடுத்த கோட்டையும் சேர்த்து இழுத்தேன்; பயனில்லை. படத்தின் ஒரு பிக்சலைத் திரையின் ஒரு பிக்சலாகக் காட்டும் 'டாட் ஃபார் டாட்' தேர்வை நீக்கியதும் படம் நேரானது, பிக்சல் கோணம் அசையவில்லை. அந்தத் தேர்வு திரையில் தெரிவதை மட்டும்தான் மாற்றும். இரண்டு நாள் போயிற்று.

சாதாரணத் தர ஃபேக்ஸில் அங்குலத்துக்குக் கிடையாக 204 புள்ளி, செங்குத்தாக 98. பிக்சல் சதுரமே இல்லை! 'ஸ்கேல் இமேஜ்' பெட்டியில் அகலத்தையும் உயரத்தையும் பிணைக்கும் சங்கிலிக் குறியை அவிழ்த்து, உயரத்தை மட்டும் 2.08 (204 ÷ 98) மடங்காக்கி, ஒய் (செங்குத்து) தெளிவுத்திறனையும் 204 ஆக்கினேன். கோணம் 45க்கு வந்தது. ஏமாற்றியது கிடைக்கோடும் செங்குத்துக்கோடும்தான்: படம் எவ்வளவு நசுங்கினாலும் 0, 90 மாறாது.