சிறிய டொமைன் பதிவகம் நடத்த: எதை நாமே செய்வது, எதை வெளியே கொடுப்பது

ஒரு டொமைன் நீட்சியின் (.காம் போன்ற பெயர் முடிவின்) மூலப் பேரேடு பதிவகத்திடம் இருக்கும். பெயர்களை மக்களுக்கு விற்பவர்கள் பதிவாளர்கள். .காம், .நெட் பேரேடுகள் வெரிசைன் நிறுவனத்திடம் உள்ளன. காத்தலான் மொழிக்கான .கேட் நீட்சியை நடத்துவது ஒரு சிறிய அறக்கட்டளை. சிறியவர்களால் இது முடியும், கணக்கு சரியாகப் போட்டால்.

முதலில் பணம். புதிய நீட்சிகளுக்கான 2026 சுற்றுக்கு, டொமைன் பெயர்களை உலக அளவில் ஒருங்கிணைக்கும் ஐகேன் அமைப்பு வாங்கும் விண்ணப்பக் கட்டணமே 2,27,000 டாலர். அதன் பிறகு ஆண்டுக் கட்டணம். 2012 சுற்றின் ஒப்பந்தத்தில் அது முதலில் காலாண்டுக்கு 6,250 டாலராக, அதாவது ஆண்டுக்கு 25,000 ஆக இருந்தது. பதிவுகள் 50,000-ஐத் தாண்டினால் பதிவு ஒன்றுக்கு 25 சென்ட் கூடுதல். அந்தக் கணக்கில் 5,000 பெயர் வைத்திருப்பவருக்குப் பெயருக்கு 5 டாலர் இதிலேயே போய்விடும். 10 லட்சம் பெயர் உள்ளவருக்கு ஏறக்குறைய 28 சென்ட்தான். விலையில் பெரியவர்களோடு மோதாதீர்கள். உங்கள் பெயரை விரும்பி வாங்கும் சமூகத்துக்கு மட்டும் விற்றுப் பிழையுங்கள்.

அடுத்து, வேலையைப் பிரிப்பது. இதற்கு ஐகேன் ஒப்பந்தத்தின் சேவைத்தர எண்களே வழிகாட்டும். பெயர்களைப் பதியப் பதிவாளர்கள் இணையும் இபிபி சேவை மாதத்துக்கு 864 நிமிடம் வரை நின்றிருக்கலாம். ஒரு பெயரை எங்கே தேடுவது என்று கணினிகளுக்குச் சொல்லும் டிஎன்எஸ் சேவையோ ஒரு நிமிடம்கூட நிற்கக் கூடாது. ஒரு வாரத்தில் மொத்தம் 4 மணி நேரம் நின்றால் அவசரகால நிறுவனத்திடம் நீட்சியை ஒப்படைக்க ஐகேனுக்கு உரிமை வந்துவிடும். 2017 டிசம்பரில் .வெட் நீட்சி அவசரகால நிறுவனமான பிரிட்டனின் நாமினெட்டிடம் போனது.

ஆகவே பேரேடு, விலை, கொள்கை, புகார் விசாரணை ஆகியவற்றை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். செக் நாட்டின் .சிஇசட் பதிவகம் எழுதிய ஃபிரெட் மென்பொருள் இலவசம். பல சிறிய நாடுகளின் பதிவகங்கள் அதில்தான் ஓடுகின்றன. டிஎன்எஸ் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பெயர் சர்வர்களை மட்டும் எனிகாஸ்ட் (ஒரே முகவரிக்குப் பல இடங்களிலிருந்து பதில் சொல்லும்) வலையமைப்புள்ள இரண்டு வேறு நிறுவனங்களிடம் கொடுங்கள். ஒன்றில் நாட், மற்றொன்றில் என்எஸ்டி என மென்பொருளும் வேறாக இருந்தால், ஒரு பிழை இரண்டையும் சேர்த்துச் சாய்க்காது. உங்கள் முதன்மை சர்வர் வெளியே தெரியவே கூடாது.

பெரும்பாலான விபத்துகள் சோன் கோப்பை (நீட்சியின் பெயர்களுக்கான டிஎன்எஸ் விவரப் பட்டியலை) வெளியிடும் நொடியில் நடப்பவை. 2009 அக்டோபர் 12 அன்று சுவீடனின் .எஸ்இ முழுவதும், சுமார் 9 லட்சம் பெயர்கள், செயலிழந்தன. கோப்பை உருவாக்கும் நிரலில் வரி முடிவில் வர வேண்டிய ஒரு புள்ளி விடுபட்டிருந்தது. அந்தப் புள்ளி இல்லாவிட்டால் மென்பொருள் பெயரின் கடைசியில் இன்னொரு '.எஸ்இ' ஒட்டிவிடும். சீக்கிரமே திருத்திவிட்டார்கள், ஆனால் பிழையான விவரம் மற்ற சர்வர்களின் தற்காலிக நினைவில் மணிக்கணக்கில் தங்கியிருந்தது. 1997 ஜூலையில் .காம் கோப்பு பழுதானபோது எச்சரிக்கை அடித்தும் ஊழியர் அதை வெளியிட்டுவிட்டார். அன்று அதை நடத்தியது பெரிய நிறுவனம்தான்.

எனவே கோப்பு தயாரானதும் நிரலே சோதிக்கட்டும்: தொடரியல் சரியா, டிஎன்எஸ் பதில் போலியல்ல என்று காட்டும் டிஎன்எஸ்செக் கையொப்பங்கள் செல்லுமா, பதிவுகளின் எண்ணிக்கை முந்தைய கோப்பைவிட 1 சதவீதத்துக்கு மேல் மாறியிருக்கிறதா என்று. ஒன்று தவறினாலும் வெளியீடு தானாக நிற்க வேண்டும். அதை மீற இரண்டு பேர் ஒப்புதல் தேவை.

எஸ்க்ரோ, அதாவது பேரேட்டின் பிரதியை வெளி நிறுவனத்திடம் பாதுகாப்பாக ஒப்படைத்து வைப்பது: ஞாயிறுதோறும் முழுப் பிரதி, மற்ற நாட்களில் மாற்றங்கள் மட்டும் போதும். காலாண்டுக்கு ஒருமுறை அந்தப் பிரதியிலிருந்து பேரேட்டை மீட்டெடுத்துப் பாருங்கள். மீட்டுப் பார்க்காத பிரதியை நம்ப முடியாது.

பேரேட்டையும் வெளி நிறுவனத்திடமே கொடுப்பதானால், பிரியும்போது என்ன செய்வது என்பதை முதல் நாளே எழுதி வாங்குங்கள். ஆஸ்திரேலியாவின் .ஏயு 2018 ஜூலை 1 அன்று 30 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்களோடு நிறுவனம் மாறியது. இதில் சிக்கலான பகுதி டிஎன்எஸ்செக் சாவி: வன்பொருள் பெட்டகத்துக்குள் இருக்கும் தனிச் சாவியைப் பெரும்பாலும் வெளியே எடுக்க முடியாது. அதனால் புதியவரின் பொதுச் சாவியைப் பழையவர் தன் சோனில் முன்கூட்டியே வெளியிட வேண்டும். அதற்கு ஒத்துழைப்பதைக் கட்டாயக் கடமையாக ஒப்பந்தத்தில் சேர்த்த பிறகே கையெழுத்திடுங்கள்.