உலர்தாவரத் தாள்களை டிஜிட்டலாக்குவது எப்படி?

உலர்த்திய செடியை ஒட்டி, யார், எங்கே, எப்போது சேகரித்தார் என்று லேபிள் இட்ட தாள்தான் உலர்தாவரத் தாள். கேமரா கைக்கு வந்ததும் அதைப் படமெடுக்கத்தான் மனம் பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள், முதலில் தாள்களில் உள்ள பூச்சியை ஒழிக்க வேண்டும்.

1. உறைய வையுங்கள்
தாள்களைக் கட்டாக்கி, காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் மூடி, மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் ஒரு வாரமாவது வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காதீர்கள். அறை வெப்பத்துக்கு வரும்வரை, ஒரு நாள் போல, அப்படியே இருக்கட்டும். இல்லாவிட்டால் தாளிலேயே ஈரம் படியும், அப்புறம் பூஞ்சைதான். பழைய தாள்களில் மெர்குரிக் குளோரைடு பூசியிருக்கலாம், அது நச்சு. கையுறை கட்டாயம்.

2. பழுது பாருங்கள்
உதிர்ந்த இலை, விதை எதையும் வீசாமல் அமிலமற்ற காகிதத்தில் சிறு உறை செய்து அதே தாளில் ஒட்டுங்கள். தளர்ந்த கிளையை நூலால் தைக்கலாம். செலோடேப் மட்டும் வேண்டவே வேண்டாம்.

3. எண் கொடுங்கள்
தாளுக்கு ஒரு பார்கோடு. அதே எண்தான் படக்கோப்பின் பெயரும். தாவரப் பெயரைக் கோப்புக்கு வைக்காதீர்கள். வகைப்பாட்டாளர்கள் அதை மாற்றிவிடுவார்கள்!

4. படமெடுங்கள்
கேமராவை ஸ்டாண்டில் கீழ்நோக்கிப் பொருத்தி, இருபுறமும் சீரான விளக்கு வையுங்கள். அளவுகோலும் நிற அட்டையும் படத்துக்குள் வரவேண்டும். வகைமாதிரிகளுக்கு, அதாவது ஒரு இனத்துக்குப் பெயரிடும்போது ஆதாரமாக வைத்த மாதிரிகளுக்கு, 600 பிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 படப்புள்ளி) வழக்கம். சாதாரண ஸ்கேனரில் தாளைக் கவிழ்த்தால் செடி நொறுங்கும். தரம் குறையாத டிஃப் (TIFF) கோப்பைப் பத்திரப்படுத்துங்கள், இணையத்துக்கு ஜேபெக் போதும்.

5. லேபிளைத் தட்டச்சு செய்யுங்கள்
உண்மையான உழைப்பு இங்கேதான். படம் சில நிமிடத்தில் முடியும், ஒரு கிறுக்கல் லேபிள் அரை நாளைத் தின்னும். லேபிளில் உள்ளதை எழுத்துப்பிழையோடு அப்படியே அட்டவணையின் ஒரு பத்தியில் (column) ஏற்றுங்கள். உங்கள் புரிதலை வேறு பத்தியில் எழுதுங்கள். ‘3/4/12’ என்றிருந்தால் மார்ச்சா ஏப்ரலா, எந்த நூற்றாண்டு? அதே சேகரிப்பாளரின் தாள்களை அவரது சேகரிப்பு எண் வரிசையில் அடுக்கிப் பாருங்கள். முன்னும் பின்னும் உள்ள தாள்களே பெரும்பாலும் பதில் சொல்லிவிடும். படிக்க முடியாத ஊர்ப் பெயருக்கும் இதே வழிதான்.

பத்தித் தலைப்புகளை ஆரம்பத்திலேயே டார்வின் கோர் (உயிரினத் தரவுக்கான பொதுவான தலைப்புப் பட்டியல்) முறைப்படி வைத்தால் பிறகு ஜிபிஐஎஃப் (GBIF) என்ற உலகளாவிய உயிரினத் தரவுத் தளத்தில் ஏற்றுவது சுலபம். சேகரித்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை சேர்க்கும்போது எத்தனை கிலோமீட்டர் பிசகலாம் என்பதையும் குறியுங்கள். அரிய ஆர்க்கிட் போன்றவற்றுக்குத் துல்லியமான இடத்தைப் பொதுவில் காட்டாதீர்கள். திருடுபவர்களும் அந்தத் தளத்தைப் பார்ப்பார்கள்.