கையால் செய்த மாடல் கார்கள்: முதல் காரை வாங்குவதற்கு முன்

என்னிடம் வந்த முதல் கையால் செய்த மாடல் கார் மூன்று சக்கரத்தில் நின்றது. முன்பக்க இடது சக்கரம் மட்டும் ஒரு தடித்த அட்டை நுழையும் அளவுக்குத் தூக்கிக்கொண்டிருந்தது. விற்றவர் அனுப்பிய படங்கள் எல்லாமே வலது மூலையிலிருந்து எடுத்தவை. நானும் அந்தப் பளபளப்பில் சொக்கிப்போய் வேறு படம் கேட்கவே இல்லை. அவர் ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன், எதைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். புதிதாக வருகிறவர்கள் எந்தத் தயாரிப்பு நல்லது, எந்த அளவு நல்லது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் இந்தக் கார்கள் எப்படிச் செய்யப்படுகின்றன என்று தெரிந்துகொண்டால், தப்பு எங்கே வரும், எதைச் சோதிக்க வேண்டும் என்பது பாதி தானாகவே புரிந்துவிடும்.

‘கையால் செய்தது’ என்ற சொல்லை வைத்து மட்டும் எதையும் முடிவு செய்யாதீர்கள். அது பொய் என்பதால் அல்ல, அந்த ஒரே சொல்லுக்குள் நாலு வேறு விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன. பித்தளைத் தகட்டையும் கம்பியையும் வெட்டி வளைத்து ஒரே ஒரு காரை ஒருவர் மாதக்கணக்கில் செய்வது ஒரு வகை. இங்கிலாந்தின் ஜெரால்ட் விங்ரோவ் 1:15 அளவில் (நிஜக் காரில் பதினைந்தில் ஒரு பங்கு) செய்த கார்கள் அந்த ரகம், நாமெல்லாம் படத்தில் பார்த்துப் பெருமூச்சு விட வேண்டியதுதான். அடுத்தது கிட். ஒரு சிறு தயாரிப்பாளர் வார்த்துக் கொடுக்கும் பாகங்களை இன்னொருவர் வாங்கி, தேய்த்து, பெயிண்ட் அடித்துப் பூட்டுவது. பிரான்சில் ஆந்த்ரே-மரி ரூஃப் ஏ.எம்.ஆர். என்ற பெயரில் வெளியிட்டவையும், இத்தாலியின் தமேயோ வெளியிடும் 1:43 ஃபார்முலா ஒன் கார்களும் இந்த வகைக்கு நல்ல உதாரணங்கள். மூன்றாவது, சிறு பட்டறையே முழுதாகப் பூட்டி விற்பது: இத்தாலியின் பி.பி.ஆர்., 1974-ல் கனடாவில் புரூக்ளின் என்ற ஊரில் தொடங்கிப் பிறகு இங்கிலாந்துக்கு இடம் மாறிய புரூக்ளின் மாடல்ஸ், பெரிய 1:8 கார்களுக்குப் பேர்போன பிரிஸ்டல் நகரத்து அமால்கம். நான்காவது, ஸ்பார்க் போன்றவர்களின் ரெசின் (திரவமாக ஊற்றி இறுக வைக்கும் பிளாஸ்டிக்) கார்கள். அங்கேயும் பாகங்களைக் கையால்தான் ஒட்டுகிறார்கள், ஆனால் வேலை நடப்பது தொழிற்சாலை வரிசையில்.

இதில் எது உயர்ந்தது என்ற சண்டைக்குள் போகாதீர்கள். எந்த வகையை வாங்குகிறோம் என்று மட்டும் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். கிட் வகையில் பெட்டியின் மேல் இருக்கும் பெயரைவிட, பூட்டியவர் யார் என்பதுதான் முக்கியம். ஒரே கிட்டை இரண்டு பேர் பூட்டினால் ஒன்று அருங்காட்சியகத்துக்குப் போகும், இன்னொன்று இழுப்பறைக்குப் போகும். ‘பூட்டியது யார்?’ என்று கேட்டு விற்பவர் மழுப்பினால், விலையைப் பூட்டாத கிட்டுக்குக் கொஞ்சம் மேலே மட்டும் மதிப்பிட்டுக்கொள்ளுங்கள்.

சரி, செய்முறைக்கு வருவோம். முதலில் ஒரு மூல மாதிரி, அதாவது மாஸ்டர். முன்பு மரத்திலோ பித்தளையிலோ ரெசினிலோ கையால் செதுக்குவார்கள். இப்போது பெரும்பாலும் கணினியில் வரைந்து முப்பரிமாணத்தில் அச்சிடுகிறார்கள். அதைச் சுற்றிச் சிலிகான் ரப்பரை ஊற்றி அச்சு எடுத்து, இரண்டு திரவங்களைக் கலந்த பாலியூரிதேன் ரெசினை அதற்குள் ஊற்றினால் கொஞ்ச நேரத்தில் காரின் உடல் இறுகி வெளியே வரும். சிலிகான் அச்சு சில பத்து வார்ப்புகளிலேயே தேய ஆரம்பித்துவிடும், அதனால்தான் இந்தக் கார்கள் சிறு எண்ணிக்கையில் வருகின்றன, விலையும் ஏறுகிறது. தேய்ந்த அச்சிலிருந்து வந்த உடலைக் கண்டுபிடிப்பது எளிது. கதவுக் கோடுகள் மழுங்கியிருக்கும், கிரில் சொதசொதவென்று இருக்கும்.

ரெசினின் வியாதிகள் மூன்று. உள்ளே சிக்கிய காற்றுக் குமிழி ஒன்று, பிறகு பெயிண்டுக்கு அடியில் குழியாகத் தலைகாட்டும். அச்சிலிருந்து எளிதாக வெளியே வரத் தடவிய எண்ணெய்ப் பசையைச் சரியாகக் கழுவாமல் பெயிண்ட் அடித்திருந்தால், சில வருஷத்தில் வேர்க்குரு மாதிரி பொரிந்து வரும், இதற்கு முழுப் பெயிண்டையும் உரித்து மறுபடி அடிப்பதைத் தவிர வைத்தியம் இல்லை. மூன்றாவது, சூடு பட்டால் வளைவது. நீண்ட, தட்டையான பந்தயக் கார்கள் மூக்கைத் தொங்கப்போட்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

உடலை வார்க்கும் இன்னொரு பொருளான ஒயிட் மெட்டல் என்பது வெள்ளீயமும் ஈயமும் கொஞ்சம் ஆண்டிமனியும் சேர்ந்த கலவை. குறைந்த சூட்டில் உருகும், சுழலும் ரப்பர் அச்சில் ஊற்றினால் மூலைமுடுக்கெல்லாம் போய் நிரம்பும். கையில் எடுத்தால் கனமாக உட்காரும், அந்தக் கனத்துக்கே மயங்கி வாங்குகிறவர்கள் உண்டு (நானும்தான்). ஆனால் மெல்லிய பாகங்களை இதில் வார்ப்பது கஷ்டம், அதனால் பழைய மாடல்களில் கண்ணாடியைத் தாங்கும் தூண்கள் தடியாக இருக்கும். ஈயம் இருப்பதால் தொட்ட பிறகு கை கழுவுங்கள், அரத்தால் தேய்த்தால் முகமூடி போடுங்கள், வாயில் வைக்கும் வயதுக் குழந்தைகளின் கைக்கு எட்ட விடாதீர்கள்.

பழைய டை-காஸ்ட் கார்களை, அதாவது துத்தநாகக் கலவையை உலோக அச்சில் அழுத்தி வார்த்த கார்களை, பொடிப்பொடியாக்கும் துத்தநாக நோய் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். துத்தநாகக் கலவையில் ஈயம் போன்ற அசுத்தம் சேர்ந்ததால் வருவது அது. ரெசினுக்கும் ஒயிட் மெட்டலுக்கும் அது வராது.

அளவு பற்றி நிறையப் பேச ஒன்றுமில்லை. 1:43 என்பது ஓ கேஜ் பொம்மை ரயில்களிலிருந்து வந்த அளவு, அங்கே ஒரு அடிக்கு 7 மில்லிமீட்டர். நாலரை மீட்டர் நீளமுள்ள கார் 1:43-ல் பத்தரை சென்டிமீட்டர், 1:18-ல் 25 சென்டிமீட்டர், 1:8-ல் 56 சென்டிமீட்டர். கையால் செய்தவற்றில் தேர்வு அதிகம் கிடைப்பது 1:43-ல்தான், தொடங்க அதுவே நல்லது. எஞ்சினைத் திறந்து பார்க்கும் ஆசை இருந்தால் 1:18-ல் ஜெர்மனியின் சி.எம்.சி. பக்கம் போகலாம். உலோகத்தில் வார்த்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாகங்களைக் கையால் பூட்டுகிறார்கள். ஆனால் அப்படி நாலு கார் வாங்குவதற்குள் ஒரு அலமாரித் தட்டு நிரம்பிவிடும்.

இப்போது முக்கியமான வேலை, பார்ப்பது. மாடலைப் பார்ப்பதற்கு முன் நிஜக் காரின் படங்களை ஒரு மணி நேரமாவது பாருங்கள். பக்கவாட்டுப் படம், பின்பக்கப் படம், மேலிருந்து எடுத்தது கிடைத்தால் அதுவும். காரின் முகம் எப்படி இருக்கிறது, கூரை எங்கே வளைகிறது, சக்கரத்துக்கும் அதன் மேல் வளைவுக்கும் இடைவெளி எவ்வளவு என்று கண்ணில் பதிந்த பிறகு மாடலைப் பார்த்தால், ஏதாவது சரியில்லை என்றால் காரணம் புரிவதற்கு முன்பே உறுத்தும். அந்த உறுத்தலை மதியுங்கள். பெயிண்ட் எவ்வளவு பளபளத்தாலும் உருவம் தப்பென்றால் தப்புதான், பெயிண்டை மாற்றலாம், உருவத்தை மாற்ற முடியாது.

பிறகு அளந்து பாருங்கள். நிஜக் காரின் முன் பின் சக்கரங்களின் மையங்களுக்கு இடையிலான தூரத்தை, அதாவது வீல்பேஸை, அளவால் வகுத்தால் மாடலில் எவ்வளவு இருக்க வேண்டும் என்று வந்துவிடும். ஃபெராரி 250 ஜிடிஓவின் வீல்பேஸ் 2400 மில்லிமீட்டர், 43-ஆல் வகுத்தால் 55.8. (ஃபோக்ஸ்வேகன் பீட்டிலுக்கும் அதே 2400தான், அந்த அழகிக்கும் இந்தக் குண்டனுக்கும் ஒரே இடுப்பு அளவு!) ஒரு வெர்னியர் காலிப்பர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் விற்பவரிடம் அளந்து சொல்லச் சொல்லுங்கள். அரை மில்லிமீட்டர் முன்னே பின்னே இருப்பதைப் பெரிதுபடுத்த வேண்டாம். அதற்கு மேல் குறைந்து, நுணுக்கங்களும் மழுங்கியிருந்தால் சந்தேகப்படுங்கள். ஒருவரின் காரிலிருந்து இன்னொருவர் திருட்டுத்தனமாக அச்சு எடுத்து வார்த்த நகலாக இருக்கலாம். ரெசின் இறுகும்போது கொஞ்சம் சுருங்கும், நகலின் நகல் இன்னும் சுருங்கும்.

விற்பவரிடம் கேட்க வேண்டிய படங்கள்: நேர் பக்கவாட்டில் இரண்டு பக்கமும், நேர் முன்னால், நேர் பின்னால், எல்லாம் காரின் உயரத்திலேயே கேமராவை வைத்து எடுத்தவை. மூலையிலிருந்து எடுக்கும் அழகான படம் சக்கரக் கோணலை மறைத்துவிடும். கடைசியாக அடிப்பாகம், எண் பொறித்திருந்தால் அது தெரிகிற மாதிரி. கண்ணாடிகள் பெரும்பாலும் மெல்லிய பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி வடிவெடுத்துக் கையால் வெட்டி ஒட்டியவை. ஓரத்தில் பசை வழிந்திருக்கிறதா, மஞ்சளாகிவிட்டதா என்று பாருங்கள். எண்களும் விளம்பரங்களும் உள்ள டெக்கால்கள் (ஒட்டுப் படங்கள்) ஓரத்தில் தூக்கியிருக்கிறதா, வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். கம்பிச் சக்கரம் உள்ள கார் என்றால் ஒவ்வொரு கம்பியாகக் கோத்ததா, அமிலத்தால் அரித்தெடுத்த தகட்டை அடுக்கியதா என்று கேளுங்கள், விலையில் பெரிய வித்தியாசம் அங்கேதான் வரும்.

எல்லாக் குறையும் குறை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ஒரே தொடரில் வந்த இரண்டு கார்களில் ஒன்றின் டெக்கால் முடியளவு மேலே இருக்கலாம், இருக்கையின் நிறம் ஒரு இழை மாறலாம். அது கை பட்ட அடையாளம், அதற்காகத் திருப்பி அனுப்பாதீர்கள். பானெட்டின் கீழ் விளிம்பில் பெயிண்ட் தடித்து உருண்டிருப்பது, பிளாஸ்டிக்கில் விரல்ரேகை பதிந்திருப்பது, விளக்குகள் ஒன்றுக்கொன்று வேறு திசை பார்ப்பது, இவையெல்லாம் அவசரம். முதல் சில கார்களில் இந்த வித்தியாசம் பிடிபடாது. யாரிடமாவது நல்ல சேகரிப்பு இருந்தால் போய் வெறுமனே பார்த்துவிட்டு வாருங்கள், பத்துக் கட்டுரை படிப்பதைவிட அது மேல்.

என்ன சேகரிப்பது? ‘எனக்கு எல்லாக் காரும் பிடிக்கும்’ என்று தொடங்கினால் பணமும் இடமும்தான் முதலில் தீரும். ஒரு கோட்டைப் பிடியுங்கள், அது எவ்வளவு குறுகலாக இருக்கிறதோ அவ்வளவு சுவை. எனக்குப் பிடித்த ஜோடி ஒன்று சொல்கிறேன். பிரான்சின் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தை 1968-லும் 1969-லும் வென்றது ஒரே ஃபோர்டு ஜிடி40, சேசிஸ் எண் 1075. முதல் வருஷம் 9-ஆம் எண், அடுத்த வருஷம் 6-ஆம் எண், இரண்டு முறையும் கல்ஃப் எண்ணெய் நிறுவனத்தின் வெளிர்நீல, ஆரஞ்சு நிறத்தில். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வித்தியாசம் தேட ஆரம்பித்தால் ஒரு சாயந்தரம் போதாது. பந்தயக் கார்களில் இது இன்னொரு வகையிலும் முக்கியம்: ஒரே ரக நிஜக் கார் ஒவ்வொரு பந்தயத்துக்கும் கொஞ்சம் மாறியிருக்கும், அதனால் எந்தப் பந்தயத்தில் ஓடிய எந்தக் கார் என்று தெரியாமல் சரிபார்க்கவே முடியாது.

பணத்தைப் பற்றி ஒரே வார்த்தை, இதை முதலீடாக நினைக்காதீர்கள். நேற்றுவரை கிட் வடிவில் மட்டுமே கிடைத்த ஒரு கார் நாளை தொழிற்சாலை ரெசினில் இன்னும் துல்லியமாக வந்துவிட்டால், பழையதைக் கேட்க ஆள் இருக்காது. ‘50-ல் ஒன்று’ என்று அட்டையில் எழுதியிருப்பதாலேயே விலை நிற்காது, வேறு நிறத்தில் இன்னொரு 50 வரும்.

கார் வந்துவிட்டது. பெட்டியைத் திறக்கும்போதே படம் எடுங்கள், உதிர்ந்த கண்ணாடியோ ஆன்டெனாவோ பொதிக்குள் கிடக்கும், தேடாமல் எதையும் குப்பையில் போடாதீர்கள். பெட்டி, அட்டை, அடியில் இருந்த திருகு எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். பீடத்தோடு பிணைக்கும் திருகை இறுக்கமாக முடுக்கினால் ரெசினில் மரை போய்விடும். பழைய ரப்பர் டயரிலிருந்து கசியும் பிளாஸ்டிக் மென்மையாக்கி பீடத்தின் பெயிண்டையோ அக்ரிலிக்கையோ இளக்கி ஒட்டிக்கொள்ளும். வருஷத்துக்கு ஒரு தடவை தூக்கிப் பார்த்து இடம் மாற்றி வையுங்கள்.

அலமாரி விஷயத்தில் பலரும் சறுக்குகிறார்கள். அழகாக இருக்கிறதே என்று ஓக் மர அலமாரியில் ஒயிட் மெட்டல் கார்களை அடைத்துவைக்காதீர்கள். மரத்திலிருந்து வரும் அசிட்டிக் அமில ஆவி மூடிய இடத்தில் தேங்கி ஈயத்தை அரித்து வெள்ளைப் பொடியாக்கும், அருங்காட்சியகக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த தொல்லை இது. கண்ணாடியும் உலோகமும் சேர்ந்த அலமாரி, அல்லது தனித்தனி அக்ரிலிக் பெட்டி போதும். வெயில் விழாத சுவர், சூடாகாத எல்.இ.டி. விளக்கு. தூசிக்கு மேக்கப் போடும் மிருதுவான பிரஷ், அல்லது கேமரா லென்ஸ் துடைப்பவர்கள் வைத்திருக்கும் ரப்பர் காற்றுக்குமிழ். வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும். துணிக் கையுறையும் எனக்கு ஒத்துவரவில்லை, அதன் நூல் வைப்பரில் மாட்டி இழுத்துவிடும். கழுவித் துடைத்த கையால் பெயிண்டைத் தொடாமல் பீடத்தைப் பிடித்துத் தூக்குவதே மேல்.

கடைசியாக, சூப்பர் குளூ. ஒருமுறை பக்கக் கண்ணாடி உதிர்ந்தபோது ஒரு சொட்டு வைத்து ஒட்டி, பெருமையோடு பெட்டியை மூடிவைத்தேன். காலையில் திறந்தால் முன்கண்ணாடி முழுக்கப் பனி படர்ந்த மாதிரி வெள்ளை. அந்தப் பசையின் ஆவி மூடிய இடத்தில் சுற்றி, விரல்பட்ட இடங்களில் போய்ப் படியும், போலீஸ்காரர்கள் விரல்ரேகையை எடுக்க இதே வித்தையைத்தான் பயன்படுத்துகிறார்கள். கண்ணாடிக்குப் பக்கத்தில் எதை ஒட்டுவதானாலும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் காகிதம் ஒட்டும் வெள்ளைப் பசையை ஊசி முனையில் எடுத்து வையுங்கள். காய்ந்தால் தெளிவாகிவிடும், அதிகமாகிவிட்டால் ஈரப்பஞ்சால் துடைக்கலாம். பெட்டியை மறுநாள் மூடிக்கொள்ளலாம்.