இரத்தக்காட்டேறியோடு ஓர் இரவுக் கடமை

எங்கள் பக்கத்தில் பேய்க்கதை சொல்லாத கிழவி இல்லை. ஆனால் பேய்க்கதைப் புத்தகம் வாசிக்கிறேன் என்று சொன்னால், "இந்த வயதில் இது என்ன பழக்கம்?" என்று அதே கிழவிகள்தான் கேட்பார்கள். நான் கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் தாதி. சூனியக்காரிகள், இரத்தக்காட்டேறிகள், காலம் தாண்டிப் போகிறவர்கள் என்று வருகிற தடித்த ஆங்கில நாவல்களைப் பதினொரு வருடமாக வாசிக்கிறேன். எல்லாம் கனடாவிலிருந்து வரும் மச்சாளின் பெட்டியில், சொக்கிலேட்டுக்கும் சவர்க்காரத்துக்கும் நடுவே வந்தவை. முதல் இரண்டையும் பாதியில் மூடிவைத்தேன். அவற்றை வாசிக்க ஒரு கைப்பக்குவம் வேண்டும் என்று அப்போது தெரியவில்லை.

முதலில் பருவம் பாருங்கள். வைகாசியில், காற்றுப் புழுதியை வாரி முகத்தில் எறியும்போது, திரான்சில்வேனியாக் கோட்டையும் ஓநாயும் மனதில் இறங்கவே இறங்காது. மாரிக்கு வைத்திருங்கள். தகரக் கூரையில் மழை விழ வேண்டும், வயலில் தவளை கத்த வேண்டும். மார்கழி விடியலில் இரணைமடுக் குளக்கட்டில் பனிப்புகார் நிற்குமே, அதை ஒருமுறை பார்த்துவிட்டுத் தொடங்கினால் பாதிப் புத்தகம் ஏற்கெனவே வாசித்தது போல. எனக்கு வாய்த்த நேரம் இரவுக் கடமையில் இரண்டு மணிக்குப் பிறகு. மருந்துச் சுற்று முடிந்து, விடுதி உறங்கி, தேநீர் ஆறும் நேரம்.

அடுத்தது, உங்கள் வீட்டுப் பேயிலிருந்து தொடங்குங்கள். எனக்கு அம்மம்மா. தொண்ணூறுகளில் வன்னியில் மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் துளி துளியாய்ச் செலவழித்த காலம். ஜாம் போத்தல் விளக்கைச் சுற்றி நாங்கள் ஐந்து பேர் இருப்போம். அம்மம்மாவின் பேய்கள் சட்டப்படி நடப்பவை. படலையில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மூன்றாம் முறை வரை பதில் சொல்லக்கூடாது. பேய்க்கு மூன்று முறை கூப்பிட அனுமதி இல்லை. இரவில் இறைச்சிக் கறி கொண்டுபோனால் பாத்திரத்தோடு ஒரு கரித்துண்டு போகவேண்டும். உச்சி வெயிலில் புளியமரத்தடிக்குப் போகக்கூடாது. ஏன் என்று கேட்டால் அடி விழும்.

இதைத்தான் பிராம் ஸ்டோக்கர் 1897இல் எழுதினார். 'டிராகுலா'வில் அந்தப் பிரபு, வீட்டார் ஒருவர் முதலில் வா என்று அழைக்காமல் உள்ளே வரமுடியாது. படலைச் சட்டம்! இன்னொன்றும் உண்டு. வெயில் பட்டால் இரத்தக்காட்டேறி சாம்பலாகிவிடும் என்றுதானே நினைக்கிறோம்? ஸ்டோக்கரின் டிராகுலா பகலில் இலண்டன் தெருவில் நடந்து திரிகிறான். பகலில் அவனுடைய வல்லமை குறையும், அவ்வளவுதான். வெயிலில் சாகும் வழக்கம் 1922இல் வந்த 'நொஸ்ஃபெராட்டு' என்ற ஊமைப் படத்திலிருந்து பரவியது. புளியமரத்துப் பேய்க்கும் பகல் தடையில்லை, அதனால்தான் அம்மம்மா உச்சி வெயிலில் போகவிடவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நமது வேதாளத்தைக்கூட வெள்ளைக்காரர் விட்டுவைக்கவில்லை. முருங்கைமரத்தில் தலைகீழாகத் தொங்கி விக்கிரமாதித்தனிடம் கதை சொன்னதே, அதை 1870இல் ரிச்சர்ட் பர்ட்டன் ஆங்கிலமாக்கியபோது புத்தகத்தின் பெயரிலேயே அதை 'வாம்பயர்', அதாவது இரத்தக்காட்டேறி ஆக்கிவிட்டார்.

ஆகவே இது உண்மையா பொய்யா என்று ஆராயாதீர்கள். சட்டம் என்ன என்று பாருங்கள். பழைய நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் மூன்று வரி எழுதி வைப்பேன்: இந்த உயிரால் என்ன முடியும், என்ன முடியாது, முடிவதற்கு என்ன விலை கொடுக்கிறது. மூன்றாவது வரி நூறு பக்கம் தாண்டியும் வெறுமையாக இருந்தால் அந்தப் புத்தகத்தை நான் தொடர்வதில்லை. விலை கொடுக்காத மந்திரம் சீக்கிரம் சலித்துவிடும். அதே தாளில் ஆட்களின் பெயரையும் உறவுமுறையையும் குறியுங்கள். நானூறு வருடம் வாழ்கிறவர்களுக்குச் சொந்தக்காரர் அதிகம்.

கணக்கும் போட்டுப் பார்க்கலாம். கணக்குப் போட்டால் சுவை கெடும் என்பார்கள், எனக்குக் கூடுகிறது. இரத்ததானத்தில் ஒருவரிடம் எடுப்பது ஏறக்குறைய 450 மில்லிலீற்றர். மறுபடி கொடுக்க நான்கு மாதம் காத்திருக்க வேண்டும். சிவப்பணு ஒன்றின் ஆயுளும் 120 நாள்தான். ஒரு காட்டேறி நாளுக்கு ஒரு பை குடிக்கிறது என்று வையுங்கள். 120 பேர் முறை வைத்துக் கொடுத்தால் யாரும் சாகவேண்டியதில்லை. ஒரு ஊர் போதும், ஒரு பதிவேடு போதும். இது தெரியாமல் ஆளுக்கு ஐந்து லீற்றரையும் குடித்துவிட்டுப் பிறகு பாவத்தை நினைத்து அழுகிற நாயகர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். பாதுகாப்பு என்ற பெயரில் பெண்ணைப் பின்தொடர்ந்து சாளரத்தில் ஏறுகிறவர்களைக் கண்டாலும்தான். இத்தனை நூற்றாண்டு வாழ்ந்தும் கதவைத் தட்டப் பழகவில்லை.

சூனியக்காரிகளுக்கு வந்தால் சொல்லிலேயே இடறுவோம். நமக்கு அது வசைச்சொல். பிள்ளையில்லாதவளை, தனியாக இருப்பவளைச் சொல்கிற சொல். இந்த நாவல்களில் பெரும்பாலும் அவள் மருந்து தெரிந்தவள், பிள்ளைப்பேறு பார்ப்பவள். நான் மருத்துவச்சி என்று மனதுக்குள் மாற்றிக்கொண்டு வாசிக்கிறேன். ஆனால் அந்த வசை அங்கும் இருந்தது உண்மைதான்: 1692இல் அமெரிக்காவின் சேலம் ஊரில் சூனியக் குற்றம் சாட்டி 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். முதலில் தூக்கிலேறியவள் பிரிட்ஜெட் பிஷப். டெபோரா ஹார்க்னெஸ் 2011இல் எழுதிய 'எ டிஸ்கவரி ஒஃப் விட்சஸ்' நாவலின் நாயகி அந்த பிஷப் வழியில் வந்தவள். அறிவியல் வரலாற்றுப் பேராசிரியையான ஹார்க்னெஸ், ஒக்ஸ்போர்ட் நூலகத்தில் உண்மையிலேயே காணாமற்போன அஷ்மோல் 782 என்ற சுவடியைக் கதைக்குள் கண்டெடுத்துக் கொடுக்கிறார். மூன்று வகையும் ஒரே இடத்தில் வேண்டுமென்றால் இதிலிருந்து தொடங்கலாம். அடுத்த பாகம் 1590க்குப் போகிறது, ஆகவே வரிசை மாற்றாதீர்கள். வைன் பற்றி வரும் பக்கங்களைத் தாண்டலாம், நான் யாரிடமும் சொல்லமாட்டேன். ஆங்கிலம் தடுக்கினால் முதல் ஐம்பது பக்கத்துக்கு அகராதியைத் தொடாதீர்கள். முக்கியமான சொல் திரும்பத் திரும்ப வந்து தன்னைத் தானே சொல்லித்தரும்.

காலப்பயணக் கதையை மட்டும் அவசரமாக வாசிக்காதீர்கள். கடந்ததை மாற்றலாமா, மாற்ற முடியாதா? அந்தக் கதையில் இது எந்தப் பக்கம் என்று முதலில் கண்டுபிடிக்கவேண்டும். டயானா கபால்டனின் 'அவுட்லாண்டர்' நாவலில், இரண்டாம் உலகப்போரில் வேலை செய்த ஒரு தாதி, ஸ்கொட்லாந்தில் நிற்கும் கற்களுக்கு நடுவே போய் 1743இல் விழுகிறாள். மூன்று வருடத்தில் கலோடன் போர் வரும், தன்னோடு இருக்கிற ஸ்கொட்லாந்து மலைநாட்டார் தோற்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். சுற்றியிருக்கிற யாருக்கும் தெரியாது. மருந்துத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதை வாசித்த இரவில் எனக்குக் கை நடுங்கியது.

கல் நமக்கும் உண்டு. ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்தில் கற்சிலைமடுவில், ஆங்கிலேயப் படையின் கப்டன் வொன் டிறிபேர்க், வன்னியின் சிற்றரசன் பண்டாரவன்னியனைத் தோற்கடித்ததாக 1803 ஒக்டோபர் 31 என்று நாள் குறித்த கல். அதே வருடம் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தவர் பண்டாரவன்னியன். அந்தக் கல்லைத் தொட்டு நீங்கள் 1803 ஐப்பசியில் விழுந்தால்? இரணைமடுக் குளம் இருக்காது, அது இருபதாம் நூற்றாண்டில் கட்டியது. ஏ9 வீதி இருக்காது. காடும் காய்ச்சலும் இருக்கும். பையில் எந்த மூன்று மருந்து வேண்டும் என்று நான் எழுதிப் பார்த்திருக்கிறேன். நீங்கள் உங்கள் தொழிலுக்கு எழுதிப் பாருங்கள். பிறகு அந்த நாவல்களின் ஒவ்வொரு பக்கமும் வேறு மாதிரி வாசிபடும்.

ஒரு எச்சரிக்கை. இங்கே காலப்பயணக் கதை வாசிக்கிற எல்லோருக்கும் மனதுக்குள் ஒரு வருடம் இருக்கும். விடுதியில் என்னோடு வேலை செய்கிற ஒருத்தி, நான் கொடுத்த புத்தகத்தை அறுபதாம் பக்கத்தில் திருப்பித் தந்தாள். அவளுடைய வருடம் எது என்று நான் கேட்கவில்லை. அப்படி ஒரு கதவு பக்கத்தில் திறந்தால் அடையாளத்துக்கு ஏதாவது வைத்துவிட்டு எழும்பி நடந்துவிடுங்கள். முடிக்கவேண்டும் என்று கட்டாயமில்லை. என்னுடைய பயணம் எப்போதும் அந்த ஜாம் போத்தல் விளக்கடிக்குத்தான், அதனால் எனக்கு மீண்டு வருவது இலகு.

வாசித்ததைத் தமிழில் யாருக்காவது சொல்லிப் பார்த்தால் கதையின் ஓட்டை எல்லாம் தெரியும். நான் மாமிக்குச் சொல்வேன், முற்றத்தில் கச்சான் உடைத்தபடி. ஹார்க்னெஸின் கதையை மூன்று இரவு சொன்னேன். நாயகனுக்கு 1500 வயது என்றதும் மாமியின் கை நின்றது.

"தாய் தகப்பன், பெண்சாதி, பிள்ளை, எல்லோரும் போய்விட்டார்களா?"

"கனபேர் போய்விட்டார்கள், மாமி."

"அப்படியென்றால் வருடத்தில் எத்தனை திவசம் செய்யவேண்டும் அவன்," என்றார். பிறகு கச்சான் கோதைச் சுளகில் தட்டிவிட்டு, "நாள் எல்லாம் எப்படி நினைவில் வைத்திருக்கிறானோ," என்றார்.