லினக்ஸ் நிறுவும்போது எஸ்எஸ்டி தெரியவில்லையா?

விண்டோஸ் இருந்த மடிக்கணினியில் உபுண்டு லினக்ஸ் நிறுவப் போனால், சில சமயம் பட்டியலில் பென்டிரைவ் மட்டும்தான் நிற்கும். உள்ளே இருக்கும் சேமிப்பு டிரைவான எஸ்எஸ்டியைக் காணோம். டிரைவ் போய்விட்டது என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். முதலில் கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய்ப் பாருங்கள். அங்கே அதன் பெயர் தெரிந்தால் பெரும்பாலும் டிரைவில் கோளாறு இருக்காது.

இன்டெல் கணினிகளில் வழக்கமான காரணம், பயாஸில் சேமிப்பக அமைப்பு 'ரெய்டு' அல்லது 'ஆர்எஸ்டி' என்று இருப்பது. அந்த நிலையில் என்விஎம்இ (வேகமான எஸ்எஸ்டி வகை) டிரைவ் இன்டெல் கன்ட்ரோலருக்குப் பின்னால் மறைந்துவிடும். அதை 'ஏஹெச்சிஐ' என்று மாற்றிச் சேமித்தால் போதும். புதிய கணினிகளில் இதே வேலையைச் செய்வது 'விஎம்டி' என்ற பயாஸ் அமைப்பு. அதை அணைத்துப் பாருங்கள்.

விண்டோஸையும் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் கொஞ்சம் பொறுங்கள். நேரடியாக மாற்றினால் பெரும்பாலும் அது நீலத்திரை காட்டி நின்றுவிடும். முதலில் விண்டோஸின் எம்எஸ்கான்ஃபிக் கருவியில் சேஃப் பூட் தேர்வு செய்து, ரீஸ்டார்ட் ஆகும்போது பயாஸில் மாற்றுங்கள். சேஃப் மோடில் ஒருமுறை திறந்த பிறகு அந்தத் தேர்வை எடுத்துவிடலாம். டிரைவைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் ரெகவரி கீ கையில் இருக்கட்டும், கேட்கக்கூடும்.

பயாஸிலேயே தெரியவில்லையா? மின்சாரத்தை நிறுத்திவிட்டு டிரைவைக் கழற்றி மாட்டுங்கள். அப்புறம் ஸ்லாட்டின் வகையையும் பாருங்கள். என்விஎம்இ மட்டும் ஏற்கும் எம்.2 ஸ்லாட்டில் பழைய வகையான சாட்டா எம்.2 டிரைவ் அழகாக உட்காரும், வேலைதான் செய்யாது.

புது டிரைவ் 'டிஸ்க்ஸ்' செயலியில் தெரிந்து, ஃபைல் மேனேஜரில் மட்டும் வரவில்லை என்றால் பெரும்பாலும் இன்னும் பார்ட்டிஷன் (டிரைவைப் பகுதியாகப் பிரிப்பது) போடவில்லை, அவ்வளவுதான்.